'நல்லா இருக்கேனுங்க' என்ற ஒரு பதில்

ஓய்வு பெற்ற பிறகு என்னை யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் நான் சுருக்கமாகப் பதில் சொல்வதில்லை. வலது முழங்கால், இடது காது, சாப்பிட்டபின் வரும் நெஞ்செரிச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன். கேட்டவர் பஸ் வந்துவிட்டது என்று நழுவிவிடுவார். என் மனைவிக்கு இது பெரிய மானக்கேடு. கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறாள். ஆனால் நான் வேண்டுமென்றேதான் செய்கிறேன். 'நல்லா இருக்கேன்' என்ற பதிலைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்படி செய்துவிட்டது நான் பார்த்த உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்குத்தான் நீங்கள் இப்போது வந்திருக்கிறீர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிசபிலிட்டி பென்ஷன் மனுக்களைப் பார்க்கும் மேசை. எந்த மனுவோடு என்னென்ன இணைக்க வேண்டும், எந்த அப்பீல் யாருக்குப் போகும் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதை நான் எழுதினால் நீங்களும் தூங்குவீர்கள், நானும் தூங்குவேன். நான் சொல்ல வருவது மனுவைப் பற்றி அல்ல, மனுவோடு வரும் ஆளைப் பற்றி. அந்த ஆள் உங்கள் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்து வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்து ரிட்டயர்டாகி உங்கள் முன்னால் வந்து உட்காருவார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஒருவனுக்குத் தலைவலி என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். திருப்பூருக்கு வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்களின் மரியாதையைப் பார்த்து மலைத்துப் போனேன். காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதித்தாலும், "நல்லா இருக்கேனுங்க, நீங்க சௌரியங்களா?" என்பார்கள். காதுக்கு இனிமைதான். பட்டாளத்திலோ ஆபீசர் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அதையும் விறைப்பாக நின்றுதான் சொல்ல வேண்டும். நானும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன்தான், எனக்கும் அது தெரியும். இந்த இரண்டு பழக்கமும் ஒரே மனிதரிடம் சேர்ந்துவிட்டால் அவருக்காக மனு எழுதுகிறவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். என் தலை வழுக்கையானதற்குக் காரணம் நாச்சிமுத்து.

நாச்சிமுத்து சாமளாபுரத்துக்காரர். பள்ளிக்கூடம் முடித்ததும் கடற்படையில் சேர்ந்து, கப்பலின் இன்ஜின் அறையிலும் பாய்லர் அறையிலுமே காலம் தள்ளி, நாற்பது வயதில் ஊர் திரும்பியவர். அவருடைய மனைவி சரசு. சரசுவின் அப்பா மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த நாலு விசைத்தறிகள் வீட்டுக்கு எதிரே, சந்து தாண்டினால் ஒரு ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்தன. தறியைப் பார்த்துக்கொண்டது முழுக்க முழுக்க சரசுதான். இவர் எப்போதாவது போய் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு வருவார், அவ்வளவுதான். ஊருக்கு வந்து ஆறேழு வருடத்தில் வறட்டு இருமல் வந்தது, அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சரசுதான் அவரை இழுத்துக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்.

சர்வீஸில் இருந்து வந்தபின் தெரியவரும் நோய்க்கும் பென்ஷன் உண்டு. அந்த நோயின் விதை சர்வீஸில்தான் விழுந்தது என்று மெடிக்கல் போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சில வருடங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். நாச்சிமுத்துவுக்கு அந்தக் கெடு முடிய அதிக நாள் இல்லை. நான் வரிந்து கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். காகிதங்களைச் சேர்த்தேன், மனுவை அனுப்பினேன், போர்டுக்கு நாள் வாங்கினேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் மூன்று விதமாகச் சொன்னேன். "வீட்டுல எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"சரிங்க சார்" என்றார். இந்த 'சரிங்க சார்' இருக்கிறதே, அதையும் நீங்கள் நம்பக் கூடாது.

போர்டு நாளன்று வெளியூர் ராணுவ ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். பஸ்ஸில் இருந்து சரசுவோடு இறங்கி வந்தவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மெடல்கள், முகம் தெரிகிற மாதிரி பாலீஷ் போட்ட ஷூ. எல்லாவற்றுக்கும் மேலாக, மீசைக்குப் புதிதாகக் கறுப்புச் சாயம். பத்து வயது குறைந்து மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"என்னய்யா இது?" என்றேன்.

"ஆபீசருங்க முன்னால போறதுங்களே சார்" என்றார்.

லிஃப்ட் இருந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது டாக்டர்களுக்கானது என்று இவராகவே முடிவு செய்துகொண்டு, நான் சீட்டுப் பதியப் போயிருந்த நேரத்தில் மாடிப்படியில் ஏறிப் போய்விட்டார். மேலே போய் மூச்சு அடங்கும்வரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து நடந்து உள்ளே போயிருக்கிறார். இதெல்லாம் பிறகு சரசு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன கேட்டாங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேனுங்கன்னேன்."

"பொறவு?"

"மாடி ஏறுனா மூச்சு வாங்குமான்னு கேட்டாருங்க. இப்பத்தானுங்க சார் ஏறி வந்தேன்னு சொன்னேன். சிரிச்சாருங்க. ரொம்ப நல்ல மனுசனுங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சரசு என்னைப் பார்த்தார், நான் சரசுவைப் பார்த்தேன். நாச்சிமுத்து எங்களுக்கு டீ வாங்கி வரக் கிளம்பினார், அதுவும் மாடிப்படி வழியாக.

முடிவு வந்தது, நிராகரிப்புதான். அதில் ஒரு வரி இருந்தது. நுரையீரல் பாதிப்புக்கு 'பணி ஓய்வுக்குப் பிந்தைய பஞ்சுத் தூசி காரணமாக இருக்கலாம்' என்று. முகவரியில் சாமளாபுரம் என்று பார்த்திருப்பார்கள், விசைத்தறி என்று யாரோ சொல்லியிருப்பார்கள், எழுதிவிட்டார்கள். நம் மாவட்டத்துக்கு இது ஒரு சாபக்கேடு. வீரபாண்டிக்காரனுக்குத் தோல் வியாதி என்றால் சாயப்பட்டறை, சாமளாபுரத்துக்காரனுக்கு இருமல் என்றால் பஞ்சு. ஆளைப் பார்த்து வியாதி எழுதுவதை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து வியாதி எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அப்பீலுக்கு அது வேண்டும் என்பதால் விட்டுவைத்தேன்.

அந்தச் சமயத்தில் நம் அலுவலக வாசலில் ஒரு புரோக்கர் ஆசாமி சுற்றிக்கொண்டிருப்பார். உங்கள் காலத்திலும் ஒருவர் இருப்பார், பெயர்தான் வேறாக இருக்கும். அவர் என்னிடம் வந்து யோசனை சொன்னார். அடுத்த போர்டுக்கு வீல் சேரில் தள்ளிக்கொண்டு போங்கள், ஒரு வாரத் தாடி, கேள்வி கேட்கும்போதெல்லாம் இருமல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. நோய் நிஜம், கொஞ்சம் நடித்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் இதே ஆசாமி முன்பு ஒருவருக்குக் காது கேளாதவராக நடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். கற்றுக்கொண்டவர் போர்டில் பிரமாதமாக நடித்து முடித்து எழுந்திருக்கும்போது அவர் பையில் போன் அடித்தது. "சொல்லு கண்ணு" என்று எடுத்துப் பேசிவிட்டார். அதற்குப் பிறகு நிஜமாகவே பீரங்கிச் சத்தத்தில் காது போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருந்து போனாலும், பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். நடிக்கிறவன் தன் மனுவை மட்டும் கெடுப்பதில்லை. ஆசாமியை விரட்டிவிட்டு, நாச்சிமுத்துவைக் கோவையில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன்.

அந்த டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் சுண்ணாம்பு படிந்தமாதிரி திட்டுத்திட்டாக இருக்கிறது, நுரையீரலும் இறுகிவிட்டது, இனி அதிக காலம் தாங்காது, பஞ்சுத் தூசி இந்த மாதிரி கோலம் போடாது, இவர் ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தாரா என்று கேட்டார். "நானும் கேட்டுப் பார்த்தேன் சார், 'நேவீங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை" என்றார். அவருடைய எரிச்சல் போனிலேயே எனக்குத் தெரிந்தது. இந்த உலகத்தில் எனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷத்தோடு ஸ்கேனை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சாமளாபுரத்துக்குப் போனேன்.

சந்தில் திரும்பியதுமே என்னவோ வித்தியாசமாகப் பட்டது. பக்கத்து ஷெட்டுகளில் தறிகள் இரைந்துகொண்டிருந்தன. சரசுவின் ஷெட் பூட்டிக் கிடந்தது. வாசலில் நூல் மூட்டைகள் பிரிக்காமல் அடுக்கியபடியே இருந்தன.

"ஏம்மா, தறி ஓடலையா?" என்றேன்.

"நிறுத்திட்டனுங்க சார்" என்றார் சரசு. "எடைக்கு எடுக்கற பழைய இரும்புக்காரங்களுக்குச் சொல்லியாச்சுங்க. ஆடி முடிஞ்சதும் வந்து ஏத்திக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"ஏன்?"

"எங்களுக்கும் வந்த காயிதத்துல போட்டிருக்குதுங்களே சார், பஞ்சுத் தூசின்னு. எங்கண்ணன் பையன் படிச்சுச் சொன்னானுங்க. எங்கப்பன் குடுத்த தறி எங்கூட்டுக்காரரத் தின்னுபோட்டுதுங்க. அதைய வெச்சு இனி நான் சோறு திங்கறதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரியைப் படித்தபோது நான் அப்பீலைத்தான் நினைத்தேன். அதை ஒரு பெண்பிள்ளை படிக்கக் கேட்டு, தன் புருஷனைத் தானே கொன்றுகொண்டிருப்பதாக எடுத்துக்கொள்வாள் என்று தோன்றவில்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதிய 'இருக்கலாம்' அது. ஸ்கேனைக் காட்டி, இது பஞ்சு இல்லை என்று கோவை டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். சரசு தலையை ஆட்டினார்.

"டாக்டரு உங்களுக்கு வேண்டியவருங்க, ஆறுதலுக்குச் சொல்லுவாருங்க. சர்க்காரு சொல்லோணுமுங்க சார். அவிங்கதான எழுதுனாங்க, அவிங்களே இல்லைன்னு எழுதட்டுங்க."

"அதுவரைக்கும் தறியை விக்காதீங்கம்மா" என்றேன். "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்து இருந்த உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார்.

நாச்சிமுத்து கட்டிலின் விளிம்பில், முழங்கால்மேல் கையை ஊன்றிக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். பட்டன் பாதி போட்டபடி சட்டை இருந்தது. காலையில் சட்டையை மாட்டி முடிப்பதற்குள் இரண்டு தடவை இளைப்பாறுகிறார் என்று சரசு சொன்னார்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"நல்லா இருக்கேனுங்க சார். நீங்க சௌரியங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கப்பலில் பாய்லர் குழாய்களுக்கு மேல் என்ன சுற்றுவீர்கள் என்று கேட்டேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அது மாவு மாதிரி மூட்டையில் வரும், தண்ணீர் ஊற்றிச் சப்பாத்திக்குப் பிசைவது போலக் கையால் பிசைந்து குழாய்மேல் பூசுவோம், காய்ந்தால் கெட்டியாகிவிடும் என்றார். கப்பலை மராமத்துக்கு நிறுத்தும்போது பழைய பூச்சைத் தட்டி உடைத்து எடுப்பார்களாம். "ஊட்டில பனி எறங்குன மாதிரி ஒரே வெள்ளையா இருக்குமுங்க. புதுசா வந்த பசங்க அதைய உருட்டி ஒருத்தர்மேல ஒருத்தர் எறிஞ்சு வெளையாடுவோமுங்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. வெகுநேரம் இருமினார்.

"அதுதான்யா ஆஸ்பெஸ்டாஸ்" என்றேன். "அதுதான் உங்க நெஞ்சுல உக்காந்துருக்கு. ஏன்யா இதை யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலீங்களே சார்."

"இப்ப கேக்கப் போறாங்க. அப்பீல் போர்டுல அவங்க நெஞ்சு டாக்டர் ஒருத்தரே இருப்பார். இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லணும்."

அவர் முகம் மாறிவிட்டது. தரையைப் பார்த்தார். "அது வேண்டாங்க சார்" என்றார். "இத்தனை வருசம் சோறு போட்ட கப்பலுங்க. அதும்மேல போயி நான் கொற சொல்றதுங்களா? என்ர ஒடம்பு, நான் பாத்துக்கறேனுங்க."

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். உரிமை என்றேன், சட்டம் என்றேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார். கிளம்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். என்னிடம் அப்போது இன்னும் எத்தனையோ மனுக்கள் கிடந்தன, ஒத்துழைக்கிற மனிதர்களும் இருந்தார்கள்.

அப்போது பக்கத்து ஷெட்டில் இருந்து வந்த சத்தத்தில் ஏதோ மாறியது போலிருக்கிறது. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். நாச்சிமுத்து தலையைத் தூக்கினார். "சரசு, ஓடிப் போயி சொல்லு. அங்க ஒரு தறில அடி மாறி உழுகுது. நிறுத்தச் சொல்லு, நாடா தெறிச்சுரும்" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நாடா என்பது தறியில் இப்படியும் அப்படியும் பாயும் மரக்கட்டை. அது தெறித்து வெளியே வந்தால் எதிரே நிற்பவரின் கண்ணே போய்விடும். சரசு ஓடினார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "தறிக்கு ஒண்ணுன்னா மட்டும் ஒடனே வாய் தொறப்பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் எரிச்சலில் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. சரசு திரும்பி வந்து வாசலில் நின்றதும் கேட்டேன். கப்பலில் ஷிப்டுக்கு 'வாட்ச்' என்று பெயர்.

"நாச்சிமுத்து, கப்பல்ல உங்க வாட்ச் முடிஞ்சு அடுத்த ஆளுகிட்ட ஒப்படைக்கும்போது என்ன செய்வீங்க?"

"எல்லாத்தையும் சொல்லி ஒப்படைப்போமுங்க. எந்த பம்ப்பு ஒழுகுது, எந்த வால்வு இறுகிக் கெடக்குது, எல்லாம்."

"ஒழுகுற பம்ப்பை மறைச்சு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி ஒப்படைச்சா?"

அந்த மனிதருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "என்ன சார் பேசறீங்க? அப்படி மறைக்கறவன் மனுசனுங்களா? நம்பி அடுத்து எறங்கறவன் செத்துப் போயிருவானுங்க!"

"அப்ப நீங்க இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று நானும் கத்தினேன். "உங்க வாட்ச் முடியப் போகுதுய்யா. அடுத்து எறங்கப் போறது யாரு? இந்தா நிக்குதே, இந்தம்மா. பழுது எங்கன்னு சொல்லாம ஒப்படைக்கப் போறீங்க. அவங்க பழுது தன் தறியிலதான்னு நம்பிக்கிட்டு, அப்பா கொடுத்ததை இரும்புக் கடைக்கு ஏத்தப் போறாங்க. கப்பலைக் குறை சொல்லச் சொல்லலை. பம்ப்பு ஒழுகுதுன்னு சொன்னா கப்பலைத் திட்டுறதா அர்த்தமா?"

சாகப் போகிறவரிடம் இப்படிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் பேசி முடித்தபின் அதே கேள்விதான் வந்தது. நாச்சிமுத்து பூட்டிய ஷெட்டைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "எடைக்காரனை வர வேண்டாம்னு சொல்லு" என்றார்.

அப்பீல் போர்டு வந்தது. அதே வெள்ளைச் சட்டை, அதே மெடல்கள், அதே மை பூசிய மீசை. அதை மட்டும் என்னால் கடைசிவரை மாற்ற முடியவில்லை. நீங்களும் மாற்ற முயலாதீர்கள், அது அவர்களுடைய மரியாதை. ஆனால் இந்தத் தடவை லிஃப்ட்டில் வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. விறைப்பாக நின்று, வாட்ச் ஒப்படைக்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். மூச்சு எங்கே நிற்கிறது, எதைச் செய்ய முடியவில்லை, எந்த மாவை எந்தக் கையால் பிசைந்தார் என்பதெல்லாம். ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு போர்டில் இருந்த நெஞ்சு டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாராம்.

நாங்கள் பார்த்தது அடுத்து நடந்ததைத்தான். நடக்க வைத்துச் சோதிப்பதற்காக அவரை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கி வைத்தோமே, ஆக்சிஜன் அளவு காட்டும் அந்தக் கிளிப்பை விரலில் மாட்டிவிட்டு, கடைசிவரை போய்த் திரும்பச் சொன்னார்கள். நாச்சிமுத்து அணிவகுப்பு மாதிரி நடக்க ஆரம்பித்தார். நெஞ்சு நிமிர்ந்து, கை வீசி. எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, மறுபடியும் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சரசு என் பக்கத்தில் பெஞ்சின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாதி தூரத்தில் நடை தளர்ந்தது. உதடு நிறம் மாறுவது எனக்கே தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலேயே, நின்றார். சுவரில் கையை ஊன்றினார். பின்னால் வந்த டாக்டரைத் திரும்பிப் பார்த்து, "முடியலீங்க சார்" என்றார்.

கடற்படையில் சேர்ந்த நாளில் இருந்து அந்த மனிதர் எந்த ஆபீசரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார். அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். போர்டில் உட்காருகிறவர்கள் நம் எதிரிகள் இல்லை. ஒரு காலையில் எத்தனையோ பேரைப் பார்க்கிறார்கள், நம் ஆட்கள் எல்லோரும் 'ஃபிட் சார்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவர்களும் அதை எழுதுகிறார்கள். அதற்காக ஊர்ப் பெயரைப் பார்த்து வியாதி எழுதியதை நான் மன்னிக்கவும் இல்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு மூத்தவர்கள் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வராமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் நாச்சிமுத்து படுக்கையோடு ஆகியிருந்தார். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே ஷெட் இன்னும் பூட்டித்தான் இருந்தது. தறிகள் உள்ளே இருந்தன, ஆனால் சரசு ஓட்டவில்லை.

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். கடற்படைப் பணியில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்த நோய், பணியால் விளைந்தது, பென்ஷன் உண்டு, அவருக்குப் பிறகு மனைவிக்கும் உண்டு. பென்ஷன் எவ்வளவு என்று சரசு கேட்கவே இல்லை.

"அப்படின்னா தறி இல்லீங்களா சார்?"

"தறி இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இருக்கலாம்னு எங்கயாச்சும் போட்டிருக்குதுங்களா?"

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பத்தில் இருந்து படித்தேன். "எங்கயும் இல்லம்மா" என்றேன்.

சரசு புருஷன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அந்த மாவு பெசைஞ்ச கதைய எனக்கு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தனை நாளு இப்பிடிக் கெடந்து வெந்திருப்பனுங்களா?"

"நல்லா இருக்கேன்னு சொன்னா நீ நிம்மதியா இருப்பீன்னு நெனச்சேன்" என்றார் நாச்சிமுத்து.

"நெனச்சீங்க!" என்றார் சரசு. அந்த ஒரு வார்த்தையில் நான் வருடக்கணக்காகப் பட்ட எரிச்சல் அத்தனையும் இருந்தது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சந்து தாண்டி ஷெட்டுக்குப் போனார்.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். முதலில் ஒரு தறி தட்டுத் தடுமாறி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் சேர்ந்துகொண்டது. நாச்சிமுத்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பல மாதம் நின்ற தறி, ஏதாவது பழுது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சார்" என்றார்.

"என்ன, தறியில கோளாறா? போய்ச் சொல்லட்டுமா?"

"தறி நல்லா ஓடுதுங்க. எனக்குத்தானுங்க மூச்சு முட்டுது. கொஞ்சம் தூக்கி உக்கார வெக்கறீங்களா?"

தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். ஆள் எடையே இல்லை. தலையணை இரண்டையும் முதுகுக்கு வைத்து, குழாயைச் சரிசெய்துவிட்டு, பழக்க தோஷத்தில், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"முன்னைக்குத் தேவலீங்க" என்றார். "ஆனா நல்லா இல்லீங்க சார்."